நாற்பத்தொன்றாம் பக்கம்

செப்டம்பர் 3, புதன்

மங்கையின் உத்தரவுப்படி இந்த நோட்டு இன்று திறக்கப்படுகிறது. ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு, திருச்சி உறையூரில் இருக்கும் அம்மாவுக்கு உத்தரவு போடும் வசதியை என் மகளுக்குக் கைப்பேசி கொடுத்திருக்கிறது. நேற்று மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்துவிட்டேன். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து தெருவெல்லாம் தண்ணீர். எதிர்வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்யாமல் நேரே மங்கைக்குச் செய்துவிட்டார். நான் வீட்டுக்குள்தான் இருந்தேன், ஒரு திரில்லரின் கடைசி முப்பது பக்கத்தில்.

"போன மாசம் கேஸ் அடுப்பு, இந்த மாசம் மோட்டார். இன்னும் ஒரு தடவை இப்படி ஏதாவது ஆச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும். சரஸ்வதி பூஜைக்கு வரும்போது நேர்ல பார்த்து முடிவு பண்றேன். அதுவரைக்கும் தினமும் என்ன செஞ்சேன்னு எழுதி வைம்மா."

"என்ன செஞ்சேன்னு எழுதணுமா, என்ன படிச்சேன்னு எழுதணுமா?"

"உனக்கு ரெண்டும் ஒண்ணுதானே."

அதுவும் சரிதான். நோட்டுக்கு முறைப்படி ஓர் அறிமுகம்: தெய்வநாயகி, வயது அறுபத்துமூன்று. வங்கியில் முப்பத்திரண்டு வருடம், அதில் பாதிக்கு மேல் காசோலைக் கையெழுத்தையும் மாதிரிக் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. கணவர் போய் ஏழு வருடம் ஆகிறது. வீடு சொந்தம். நிலா லெண்டிங் லைப்ரரி எட்டு நிமிட நடை. மங்கையின் பதினான்காவது மாடியில் தமிழில் அச்சான பொருள் என்று இருப்பது ஒரே ஒரு நாள்காட்டி. அங்கே போக எனக்கு விருப்பமில்லை. இதை அவளிடம் பல விதமாகச் சொல்லியாகிவிட்டது, இங்கே நேராக எழுதிவைக்கிறேன்.

இன்று செய்தது: வெண்டைக்காய்ப் பொரியல். மோட்டார் போட்டது 7.10, அணைத்தது 7.25.

செப்டம்பர் 5, வெள்ளி

நிலா லைப்ரரிக்குப் போனேன். அதை நடத்துகிற நத்தர்ஷா பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கணினி வாங்கு என்று ஊரே சொல்லியும் கேட்காமல், ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி நீளப் பதிவேட்டில்தான் எழுதுகிறார். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும்.

அங்கே பழைய உறுப்பினர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் எண் எதுவோ, படித்து முடித்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு குறி போட்டுவிடுவோம். கொலைக் கதை அட்டையெல்லாம் ஒரு கத்தி, ஒரு பெண், ஒரு நிழல் என்று ஒரே அச்சில் இருப்பவை. குறி இல்லாவிட்டால் படித்ததையே தூக்கிக்கொண்டு வந்து பத்தாம் பக்கத்தில் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். என் எண் 41. என் குறி 'தெ', அதைச் சுற்றி ஒரு வட்டம். எண் 17 ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அருள்சாமி. அவருடையது ஒரு சிலுவை.

இன்று எடுத்தது ஓர் ஏற்காடு கொலை. காப்பித் தோட்டத்து டாக்டர் விருந்துக்கு நடுவில் இறந்துபோகிறார். சந்தேகத்துக்குரியவர்கள் மனைவி, தம்பி, சமையல்காரர், கம்பவுண்டர். 41ஆம் பக்கம் சுத்தமாக இருந்தது, புதுச் சரக்கு. மாலைக்குள் 60ஆம் பக்கம் வந்துவிட்டேன். கம்பவுண்டர் பேசும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறான். அவன்தான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 8, திங்கள்

கம்பவுண்டர்தான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. எனக்கு நானே ஒரு பாயசம் வைத்துக்கொண்டேன்.

என் வாசிப்பில் ஒரு சுற்று உண்டு. ஒரு கொலை, ஒரு துரத்தல், ஒரு தன்வரலாறு, ஒரு வாழ்க்கை வரலாறு, மறுபடி கொலை. ஒரே வகையைப் படித்தால் மனசு மந்தமாகிவிடும். இப்போது கையில் இருப்பது ஓய்வுபெற்ற ஜெயிலர் ஒருவரின் தன்வரலாறு. எல்லாக் கைதிகளும் கடைசியில் இவர் காலில் விழுந்து அழுகிறார்கள். ஒருவன்கூட இவரைத் திட்டவில்லை. தன்வரலாற்றில் எழுதுகிறவர் பொய் சொல்வார், வாழ்க்கை வரலாற்றில் தகவல் கொடுத்தவர்கள் பொய் சொல்வார்கள். கொலைக் கதையில் மட்டும்தான் பொய் சொன்னவனைக் கடைசியில் பிடித்துவிடுகிறார்கள்.

பால் காய்ச்ச ஒரு புதுப் பாத்திரம் வாங்கினேன். பழையது அடிப்பிடித்துக் கறுத்துவிட்டது. இதில் மங்கைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பாத்திரம் என்றால் அப்படித்தான்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒரு குற்றம் நடந்திருக்கிறது.

கப்பலில் வெடிகுண்டு வைக்கும் ஒரு திரில்லரை எடுத்து வழக்கம்போல 41ஆம் பக்கத்தைத் திருப்பினேன். மூலையில் 'தெ', சுற்றி வட்டம். நான் இந்தப் புத்தகத்தைப் படித்ததே இல்லை. முதல் அத்தியாயத்தை நின்றபடியே படித்துப் பார்த்தேன். கேப்டன் பெயர்கூட நினைவில்லை. நான் படித்திருந்தால் இருக்காதா?

அப்புறம் குறியை உற்றுப் பார்த்தேன். வட்டம் மூடியிருந்தது. நான் வட்டத்தைக் கீழிருந்து தொடங்கி இடப்பக்கமாக ஏற்றி, திரும்பி வரும்போது ஒரு கடுகளவு இடைவெளி விட்டுவிடுவேன். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பழக்கம், மாறவே மாறாது. இந்த வட்டம் மேலிருந்து தொடங்கி அழகாக மூடியிருக்கிறது. ஆயிரக்கணக்கான கையெழுத்துகளைப் பார்த்த கண்ணுக்கு இது போதும். யாரோ என் குறியைப் போலியாகப் போட்டிருக்கிறார்கள்.

மங்கையிடம் போனில் சொன்னேன். "நிஜமா நீ போட்டது இல்லையாம்மா?" என்றாள். அந்த 'நிஜமா' எனக்குப் பிடிக்கவில்லை. இந்தத் துப்பு துலங்கினால் என் நிதானத்தைப் பற்றி இனி ஒரு பேச்சு இருக்காது. விசாரணை தொடங்குகிறது.

செப்டம்பர் 15, திங்கள்

இன்னொன்று. ஒரு சர்க்கஸ் மேனேஜரின் தன்வரலாறு, அதே மூடிய வட்டம். முதல் சந்தேகம் அருள்சாமி சார் மேல்தான். போன வருடம் ஒரு நாவலின் முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயரை யாரோ எழுதிவைத்திருந்தார்கள். அது அவர்தான் என்று நான் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அந்த வஞ்சம் இருக்கலாம். குறியைப் பார்த்து நான் விட்டுவிட்டால் புத்தகம் அவருக்கு முதலில் கிடைக்கும் என்பது இன்னொரு நோக்கம்.

லைப்ரரி வாசலில் வைத்தே கேட்டுவிட்டேன்.

"உங்க குறியை நான் எதுக்கு மேடம் போடணும்? என் சிலுவையைப் போடவே எனக்கு மறந்துபோகுது" என்றார்.

"அந்த சர்க்கஸ் புத்தகம் உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

"அதை நான் படிச்சாச்சே. போன மாசம் நீங்கதானே சிபாரிசு பண்ணீங்க? கிழட்டு யானை செத்துப்போற எடத்துல அழுதுட்டேன்னு சொன்னீங்க."

விசாரிப்பவரையே குழப்பிவிடும் உத்தி இது. எல்லா நாவலிலும் உண்டு. நான் ஒரு புன்னகையோடு நகர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். 112ஆம் பக்கத்தில் ஒரு கிழட்டு யானை செத்துப்போகிறது. அழுகை வந்தது. முதல்முறை படிக்கிறவர்களுக்கு வருகிற அழுகைதான்.

செப்டம்பர் 18, வியாழன்

நல்ல வேட்டை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து டாக்டர், விருந்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோகிறார். மனைவி, தம்பி, சமையல்காரர், கம்பவுண்டர் என்று நாலு பேர். 41ஆம் பக்கத்தில் போலியும் இல்லை, அசலும் இல்லை. இப்படிப்பட்ட புத்தகம் இத்தனை நாள் என் கண்ணில் படாமல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

60ஆம் பக்கம். கம்பவுண்டர் மேல் எனக்கு ஒரு சந்தேகம். கண்ணாடியை அளவுக்கு மீறித் துடைக்கிறான்.

வாழைப்பூ ஆய்ந்ததில் கையெல்லாம் கறை. மோட்டார் 7.05, அணைத்தது 7.20. மங்கை, பார்த்துக்கொள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

திட்டம் தயார். திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் அடுக்குக்குப் போகுமுன் மேசையில் கிடக்கும்போதுதான் போலிக் குறி விழ வேண்டும், குற்றவாளி அவற்றைக் கையில் எடுக்கும் நேரம் அதுதான். ஏற்காடு புத்தகத்தைப் புதன்கிழமை கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் வாரப் பத்திரிகை அடுக்குக்குப் பின்னால் உட்காரப்போகிறேன். தூண்டிலில் புழுவாக நானே என் புத்தகத்தை வைக்கிறேன்.

கம்பவுண்டர்தான், சொல்லவே வேண்டாம்.

செப்டம்பர் 24, புதன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பதினொரு மணிக்கு லைப்ரரியில் கூட்டமில்லை. புத்தகத்தை மேசை மேல் வைத்து, "அறுபதாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு பாய், கம்பவுண்டர்தான்" என்றேன். நத்தர்ஷா சிரித்தார். பத்திரிகை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்னடுக்குக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தேன். புத்தகங்களுக்கு நடுவில் இரண்டு விரல் இடைவெளியில் மேசை முழுசாகத் தெரிந்தது.

அருள்சாமி சார் வரவில்லை. யாருமே வரவில்லை. நத்தர்ஷா என் புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைத் திருப்பினார். மேசை இழுப்பறையிலிருந்து பென்சிலை எடுத்துச் சீவினார். மூலையில் மெதுவாக ஒரு எழுத்து, அப்புறம் மேலிருந்து தொடங்கி ஒரு வட்டம்.

எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன். வெற்றிக் களிப்பு என்று எழுத நினைத்தேன், ஆனால் அது வரவில்லை. இந்த மனிதரா என்று வருத்தமாக இருந்தது.

"பாய், எத்தனை நாளா இது நடக்குது?"

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "கோச்சுக்காதீங்க மேடம். ஆகஸ்ட் கடைசிலேருந்து."

"எதுக்கு?"

அவர் பதிவேட்டை எடுத்து என் பக்கத்தை விரித்து, என் பக்கமாகத் திருப்பினார். விரல் ஓரிடத்தில் நின்றது. ஏற்காடு புத்தகம், ஜூலை 22. விரல் கீழே இறங்கியது. அதே புத்தகம், செப்டம்பர் 5. இன்னும் கீழே. அதே புத்தகம், செப்டம்பர் 18. மூன்றுக்கும் நேராக என் கையெழுத்து. எந்த வங்கியும் பாஸ் செய்யும்.

"முன்னெல்லாம் நீங்க தவறாம குறி போடுவீங்க. இப்ப அஞ்சாறு மாசமா போடறதில்ல. படிச்ச புக்கையே திரும்பவும் எடுத்துட்டுப் போறீங்க. உங்க குறி இருந்தா நீங்களே பார்த்து விட்டுடுவீங்கன்னு நானே போட ஆரம்பிச்சேன். இந்தப் புக்குல போன தடவையே போட்டிருக்கணும், கூட்டத்துல விட்டுப்போச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க இங்க வர்றதையே விட்டுடுவீங்களோன்னு இருந்துச்சு மேடம்."

பதிவேட்டை மூடியபடி அவரே சொன்னார். "மூணு தடவையும் இதே எடத்துல நின்னு, கம்பவுண்டர்தான்னு அறுபதாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்க."

ஆக, போலிக் குறி என்று நான் கண்டுபிடித்தது சரி. வட்டத்தைப் பற்றிச் சொன்னது சரி. அதை யார் போட்டது என்று பிடித்ததும் நானேதான். என் விசாரணையில் ஒரு தவறும் இல்லை. வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். 5ஆம் தேதியைப் படித்தேன். 18ஆம் தேதியைப் படித்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

சமைக்கவில்லை. பிரெட் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

இந்த நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்தால் போதும். 5 அல்லது 18, ஏதாவது ஒன்றும் 24ஆம் தேதியும் போய்விட்டால் தடயம் இல்லை. நத்தர்ஷா யாரிடமும் சொல்லமாட்டார். மங்கை வந்து புதுப் பால் பாத்திரத்தைப் பார்ப்பாள், மோட்டார் நேரங்களைப் பார்ப்பாள், திருப்தியாகப் போய்விடுவாள். வீடு எனக்கு, லைப்ரரி எனக்கு.

காலையில் அரைமணி நேரம் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் நான் ஒரு வவுச்சரைக் கிழித்ததில்லை. தப்பென்று தெரிந்த ஒரு கையெழுத்தைப் பாஸ் செய்ததும் இல்லை. இந்த வயதில் அந்தப் பழக்கம் எனக்கு எதிராக வேலை செய்யும் என்று யார் கண்டார்கள்.

நோட்டை மூடிவிட்டு டாக்டர் ரெஜினாவிடம் போனேன். எதிர்பார்த்ததைவிடச் சின்ன வயசு. இந்த நோட்டையே நீட்டினேன். இரண்டு தேதியையும் படித்துவிட்டு, இன்று என்ன தேதி என்று கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். வங்கிக்காரியிடம் கழித்தல் கணக்கு. கடகடவென்று சொன்னேன். முதலில் சொன்ன மூன்று வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது ஒன்றுதான் வந்தது. இரத்தம் எடுத்தார்கள்.

செப்டம்பர் 29, திங்கள்

பி12 என்று ஒரு வைட்டமின் இருக்கிறதாம். இருநூறுக்கு மேல் இருக்க வேண்டியது எனக்குத் தொண்ணூற்றாறு இருக்கிறது. முட்டைகூடத் தொடாத பரம்பரை, அதோடு பத்து வருடமாக வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை. இரண்டும் அதைக் குறைத்துவிடுமாம்.

"மறதிக்கு இதுவே காரணமா இருக்கலாம்மா. அப்படின்னா ஊசி போட்டா நல்லா தேறும். வேற காரணமும் சேர்ந்திருக்கலாம், அதுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடுவோம். மூணு மாசம் கழிச்சு இதே கேள்வியெல்லாம் திரும்பக் கேக்கறேன்" என்றார் டாக்டர்.

அதாவது கடைசி அத்தியாயம் இன்னும் அச்சாகவில்லை. முதல் ஊசி இன்றே போட்டாயிற்று, தோள் விண்விண் என்கிறது. ஒரு வைட்டமின் குற்றவாளியாக இருக்கும் நாவலை நான் இதுவரை படித்ததில்லை. படித்திருந்தால் நத்தர்ஷா சொல்வார்.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. மங்கை விடியற்காலை ரயிலில் வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக மோட்டார் சுவிட்சைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், பால் பாத்திரத்தைப் பார்த்தாள். மகளா ஆடிட்டரா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

பூஜையில் என் கணவரின் பழைய சட்டப் புத்தகங்கள், லைப்ரரியிலிருந்து எடுத்த ஒரு அணைக்கட்டு இன்ஜினியரின் வாழ்க்கை வரலாறு, எல்லாவற்றுக்கும் மேலே இந்த நோட்டு. சந்தனம் குங்குமம் வைத்துப் பூப் போட்டேன்.

"அந்த நோட்டைப் பார்க்கலாமாம்மா?"

"பூஜைல வச்சதை இன்னிக்குத் தொடக் கூடாது. நாளைக்குக் காலையில எடுத்து முதல் பக்கத்துலேருந்து படி. நடுவுல தாவாதே."

இதை மட்டும் பூஜைக்குப் பிறகு ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே செருகுகிறேன். சரஸ்வதி மன்னிக்கட்டும்.

அக்டோபர் 2, வியாழன்

அவள் கூடத்தில் உட்கார்ந்து படித்தாள். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்தேன். முதலில் ஒரு சிரிப்புச் சத்தம், பாயசம் வரும் இடமாக இருக்கும். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. 18ஆம் தேதி வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இதைக் கிழிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா."

"தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏன் கிழிக்கல?"

"உன்னை ஏமாத்திட்டு இந்த வீட்டுல இருக்க எனக்குப் பிடிக்கல. இப்ப நீ என்ன முடிவு பண்ணாலும் வரேன், மங்கை. வீட்டைப் பூட்டுன்னா பூட்டறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, சாவி எந்த ஆணியில் இருக்கிறது என்று அந்த நிமிஷமே மனசு தேடியது. அவள் சுண்டல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒரு வாய் தின்றுவிட்டுப் பேசினாள்.

"மறக்கறது உனக்கே தெரியாம இருந்ததுக்குத்தான்மா நான் பயந்தேன். நீயே கண்டுபிடிச்சு, நீயே டாக்டர்கிட்ட போயிருக்க. நான் இருந்திருந்தாக்கூட இதைத்தான் செஞ்சிருப்பேன். டாக்டர் சொன்ன மூணு மாசம் இங்கயே இரு. தண்ணி நிரம்பினா தானா நிக்கற மோட்டார், தானா அணையற அடுப்பு, ரெண்டும் இந்த லீவுலயே மாட்டறேன். தினமும் எழுதற பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும். ஜனவரில நானே வந்து உக்காந்து டாக்டர் என்ன கேக்கறாங்கன்னு பார்க்கறேன்."

"ஜனவரில மூணு வார்த்தையும் வரலைன்னா?"

"அப்ப ரெண்டு பேருமா முடிவு பண்ணலாம். நான் மட்டும் பண்ணமாட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. யானைக்கு அழுததைவிட நிறைய.

அக்டோபர் 4, சனி

மோட்டார் மாட்டியாயிற்று. மங்கையை லைப்ரரிக்கு அழைத்துப்போனேன். நத்தர்ஷா எழுந்து நின்றுவிட்டார், என்னவோ தப்புச் செய்தவர் மாதிரி. மங்கை அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். அருள்சாமி சாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அந்த முதல் பக்கத்துக் கொலையாளி மேட்டர் நான்தான் மேடம்" என்று மெதுவாகச் சொன்னார். என் கண் எப்போதும் தப்புவதில்லை.

ஏற்காடு புத்தகத்தை அடுக்கிலிருந்து எடுத்து 41ஆம் பக்கத்தைத் திருப்பினேன். நத்தர்ஷா போட்ட மூடிய வட்டம் இருந்தது. அதன் கீழே, விட்டுப்போன மூன்று முறைக்கும் மூன்று 'தெ' போட்டேன், மூன்று வட்டம், மூன்றும் கடுகளவு திறந்தபடி. புத்தகத்தை மேசை மேல் வைத்தேன். நத்தர்ஷா பேனாவைத் திறந்துவிட்டு எழுதாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சேதான் எடுத்துட்டுப் போறேன், பாய். எழுதிக்குங்க."

அக்டோபர் 6, திங்கள்

மங்கை நேற்று ஊருக்குக் கிளம்பிவிட்டாள். வீடு அமைதியாக இருக்கிறது. தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானே நின்றது. நான் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன், அது வேறு விஷயம்.

60ஆம் பக்கம் வந்திருக்கிறேன். இந்தக் கம்பவுண்டர் மேல் எனக்கு ஒரு சந்தேகம்.

மங்கை, போனைக் கீழே வை. விளையாட்டுக்கு எழுதினேன்.